கழுவினால் தீராது: கருப்பை வாய் அழற்சி பற்றி வாசகர் கேட்டவை

வெள்ளைப்படுதலை உடற்சூடு என்று எண்ணிக் காலம் கடத்த வேண்டாம் என்று இப்பகுதியில் முன்பு எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகர்கள் அனுப்பிய கடிதங்களுள் பெரும்பாலானவை கருப்பை வாய் அழற்சியைப் பற்றியவை; அவற்றில் பலவற்றில் "யாரிடம் கேட்பதென்று தெரியவில்லை" என்ற வரியைக் கண்டேன். எழுதியவர் இன்னார் என்று தெரியாதபடி சில கடிதங்களைச் சுருக்கி இங்கே எடுத்துக்கொள்கிறேன். முதல் கடிதத்தில் உள்ள கேள்வியைப் பலரும் கேட்டிருப்பதால் அதற்கான விடை நீண்டிருக்கிறது. பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டருக்கு வணக்கம். எனக்கு வயது 34, இரண்டு பிள்ளைகள். ஓராண்டாக வெள்ளைப்படுதல் மஞ்சள் நிறத்தில் இருந்தது. கணவருடன் சேர்ந்த பின் சில நாள் இரத்தமும் பட்டது. வீட்டருகே உள்ள மருந்தகத்தில் கருப்பை வாயில் அழற்சி என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். குணமாகி மூன்று மாதத்தில் திரும்பவும் வந்துவிட்டது. உடம்புச் சூடுதான் காரணம் என்கிறார் என் மாமியார். நானோ காலையும் இரவும் கிருமிநாசினித் திரவத்தால் உள்ளேயும் கழுவிச் சுத்தமாகத்தான் இருக்கிறேன். என் கணவருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. மறுபடி வராமல் தடுக்க நான் இன்னும் என்ன செய்ய வேண்டும்?
(வாசகி, ஜூரோங் வெஸ்ட்)

விடை: அன்புச் சகோதரி, உங்கள் மாமியார் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் நம் வீடுகள் பலவற்றில் வழங்கும் சொல் அது. தமிழில் 'வெட்டை' என்பது உடற்சூட்டையும் குறிக்கும், பாலுறவால் தொற்றும் நோயையும் குறிக்கும். மேகவெட்டை என்று நம் முன்னோர் அழைத்த நோயைத்தான் இன்று கொனோரியா என்கிறோம். இரண்டுக்கும் ஒரே சொல் வழங்கிவருவதால், கிருமியால் வந்ததையும் சூட்டால் வந்ததாக எண்ணிக்கொள்வது நமக்கு எளிதாகிவிட்டது. மோரும் வெந்தயமும் எண்ணெய்க் குளியலும் உடம்புக்கு இதமானவை. அவற்றை நிறுத்துங்கள் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். ஆனால் கருப்பை வாயில் குடியேறிய கிருமியை அவற்றால் அகற்ற முடியாது. சூடு தணியட்டும் என்று காத்திருக்கும் மாதங்களில் அக்கிருமி மேலே கருப்பைக்குள்ளும் கருக்குழாய்களுக்குள்ளும் ஏறிவிடக்கூடும் என்பதுதான் என் கவலை.

கருப்பையின் அடிப்பகுதி குறுகி யோனிக்குள் சற்றே நீட்டிக்கொண்டிருக்கிறதே, அந்த இடம்தான் கருப்பை வாய். அதன் வெளிப்புறத்தைப் பல அடுக்குகளாலான தடித்த செல்கள் மூடியிருக்கின்றன. உள்ளே செல்லும் சிறு பாதையிலோ சளி சுரக்கும் மென்மையான செல்கள் ஒற்றை அடுக்காக மட்டுமே இருக்கின்றன. கிளமிடியா, கொனோரியா ஆகிய தொற்றுகளை உண்டாக்கும் இரண்டு பாக்டீரியாக்களும் பற்றிக்கொள்வது இந்த மென்மையான செல்களைத்தான். அவ்விடம் அழற்சி கண்டால் சிவந்து வீங்கும், சீழ் கலந்த சளியைச் சுரக்கும், இலேசாக உரசினாலும் இரத்தம் கசியும். உங்களுக்கு உறவுக்குப் பின் இரத்தம் பட்டதற்கும், வெள்ளைப்படுதல் நிறம் மாறியதற்கும் இது காரணமாக இருந்திருக்கலாம். அடிவயிற்றில் வலி, உறவின்போது வலி, சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், இரண்டு மாதவிடாய்க்கு இடையில் இரத்தப்போக்கு ஆகியவையும் சிலருக்கு இருக்கும். எந்த அறிகுறியும் இல்லாமலே இருக்கும் பெண்கள் மிகப் பலர்; அவர்களுக்கு வேறு எதற்காகவோ செய்த பரிசோதனையில்தான் இது தெரியவருகிறது.

கிளமிடியாவும் கொனோரியாவும் மட்டுமல்ல, ட்ரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியும், மைக்கோபிளாஸ்மா ஜெனிட்டாலியம் என்ற பாக்டீரியாவும், ஹெர்ப்பிஸ் வைரசும் கருப்பை வாயில் அழற்சியை உண்டாக்கக்கூடியவை. இவை அரிதானவை என்று நினைத்துவிடாதீர்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் புதிதாக ஏற்பட்ட கிளமிடியா தொற்றுகள் 12 கோடியே 90 இலட்சம். ட்ரைக்கோமோனாஸ் தொற்றுகள் 15 கோடியே 60 இலட்சம். இத்தனை பேருக்கு வரும் ஒன்றை ஒழுக்கம் கெட்டவர்களின் நோய் என்று ஒதுக்கிப் பேசுவதால் வெட்கம் வளர்கிறது, சோதனைக்கு வருவோர் குறைகிறார்கள். கிருமி இல்லாமலும் அழற்சி வருவதுண்டு. யோனிக்குள் ஊற்றும் திரவங்கள், விந்தணுவைக் கொல்லும் களிம்புகள், ஆணுறையின் ரப்பர் ஒத்துக்கொள்ளாமை, மாதவிடாயின்போது உள்ளே வைத்து, எடுக்க மறந்து அங்கேயே தங்கிவிட்ட டாம்பூன் பஞ்சு ஆகியவை அத்தகைய காரணங்கள். எல்லாச் சோதனைகளும் செய்து, காரணம் எதுவும் தென்படாத பெண்களும் இருக்கிறார்கள்.

இனி, நீங்கள் கழுவுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருந்த வைத்த இடம் அதுதான், ஏனெனில் நன்மை என்று நம்பி ஒவ்வொரு நாளும் இருமுறை உங்களுக்கு நீங்களே தீங்கு செய்துகொண்டிருக்கிறீர்கள். இனப்பெருக்க வயதில் உள்ள பெண்ணின் யோனியில் லாக்டோபாசில்லஸ் என்னும் நல்ல பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. தயிரைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாக்களின் உறவினர்கள் அவை. அவை சுரக்கும் அமிலம் அவ்விடத்தின் பிஎச் (அமிலத்தன்மை) அளவை 3.8க்கும் 4.5க்கும் இடையே வைத்திருக்கிறது. அந்தப் புளிப்பில் பிற கிருமிகள் எளிதில் பெருக முடிவதில்லை. கிருமிநாசினியை உள்ளே செலுத்தும்போது இந்தக் காவல்தான் அழிகிறது. பிறகு வேறு பாக்டீரியாக்கள் பெருகி, மீன்வாடையோடு கூடிய வெள்ளைப்படுதல் தொடங்குகிறது. வாடை வருகிறதே என்று இன்னும் அதிகமாகக் கழுவத் தோன்றுகிறது. அந்த நிலையில் கிளமிடியா போன்ற தொற்றுகளும் எளிதாகப் பற்றிக்கொள்கின்றன. வெற்றிலைச் சாறு கலந்தது, மூலிகையால் ஆனது, வாசனை உள்ளது என்று புட்டிகளில் அடைத்து விற்கப்படும் எதையும் உள்ளே செலுத்த வேண்டியதில்லை. வெளிப்பகுதியை வெறும் நீராலோ, வாசனையற்ற மென்மையான சோப்பாலோ கழுவினால் போதும். உட்பகுதி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும்; தெளிவாகவோ வெண்மையாகவோ, வாடையின்றி வரும் வெள்ளைப்படுதல் அந்தச் சுத்திகரிப்பின் பகுதியே. ஆகவே, இந்த அழற்சி அசுத்தத்தால் வந்ததல்ல, நீங்கள் இன்னும் அதிகமாகச் சுத்தம் செய்வதால் போகப்போவதும் அல்ல.

அப்படியானால் மூன்று மாதத்தில் திரும்பி வந்தது ஏன்? உங்களைப் பரிசோதித்துப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் கிருமிதான் காரணமாக இருந்தால், திரும்ப வருவதற்கான வழிகளுள் முதன்மையானது சிகிச்சை பெறாத துணைவரிடமிருந்து மீண்டும் தொற்றிக்கொள்வதாகும். உங்கள் கணவருக்குத் தொந்தரவு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்குச் சோதனை செய்யப்பட்டதா, மாத்திரை கொடுக்கப்பட்டதா என்று எழுதவில்லை. தொந்தரவு இல்லாத ஆணின் சிறுநீர்த்தாரையிலும் கிளமிடியா இருக்கக்கூடும். மருந்து உண்டு நீங்கள் குணமடைந்த பின் அது அவரிடமிருந்து உங்களுக்கு வந்தால், மாத்திரை வேலை செய்யவில்லை என்று தோன்றும். உண்மையில் மாத்திரை தன் வேலையைச் செய்து முடித்திருக்கும்.

எனவே மீண்டும் மருத்துவரிடம் செல்லுங்கள், இம்முறை கணவரையும் அழைத்துச் செல்லுங்கள். போன முறை எந்தக் கிருமி என்று சோதித்தார்களா, முடிவு என்ன என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதைக் கேட்பது உங்கள் உரிமை. கருப்பை வாயிலிருந்தோ யோனியிலிருந்தோ பஞ்சுக் குச்சியால் எடுக்கும் மாதிரியில் கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை இன்று இருக்கிறது. எந்தக் கிருமி என்று தெரிந்தால்தான் அதற்குரிய மருந்தைத் தர முடியும்: கிளமிடியாவுக்கு டாக்சிசைக்ளின் மாத்திரையை ஏழு நாள் தருவது வழக்கம், கொனோரியாவுக்குச் செஃப்ட்ரையாக்சோன் ஊசி, ட்ரைக்கோமோனாசுக்கு மெட்ரோனிடசோல். மருந்துக் கடையில் வாங்கி உள்ளே வைக்கும் பூஞ்சை மாத்திரை பூஞ்சையை மட்டுமே தீர்க்கும். ஊரிலிருந்து அக்கா கொடுத்தனுப்பிய மாத்திரையும், சென்ற முறை மிச்சம் வைத்ததும் வேண்டாம். பாதி மருந்து கிருமியைப் பழக்கப்படுத்திவிடும். இருவரும் ஒரே காலத்தில் மருந்து எடுத்து, இருவரும் மருந்தை முடிக்கும் வரை, குறைந்தது ஏழு நாள், உறவைத் தவிர்க்க வேண்டும். பிறகு மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை செய்துகொள்ளுங்கள். நலமாக இருக்கும்போது எதற்குச் சோதனை என்று பலர் அதை விட்டுவிடுகிறார்கள். மறுதொற்று மிகுதியாக அகப்படுவது அந்தக் காலத்தில்தான்.

சோதனைகளில் எந்தக் கிருமியும் தென்படவில்லை என்றால், அதற்காகக் கணவரை மருந்துண்ணச் சொல்ல வேண்டியிராது. அப்போது, கழுவுவதை நிறுத்திச் சில வாரம் பார்ப்பதே முதல் சிகிச்சையாக இருக்கலாம். உறவுக்குப் பின் இரத்தம் படுவது மட்டும் தொடர்ந்தால் மகளிர் மருத்துவ நிபுணரிடம் அனுப்பும்படி கேளுங்கள், ஏனெனில் அதற்கு அழற்சி தவிர வேறு காரணங்களும் உண்டு, அவற்றைப் பார்த்து விலக்க வேண்டும்.

கேள்வி: வணக்கம் டாக்டர். திருமணமாகி 14 மாதம் ஆகிறது. என் மனைவிக்குக் கருப்பை வாயில் அழற்சி, சோதனையில் கிளமிடியா என்று வந்திருக்கிறது. நானும் வந்து மருந்து எடுக்க வேண்டும் என்று மருந்தகத்தில் சொன்னார்களாம். எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் தவறு செய்தவன் என்று பொருளா? அல்லது நான் அவளைச் சந்தேகிக்க வேண்டுமா? ஒரு வாரமாக வீட்டில் பேச்சே இல்லை.
(வாசகர், பொங்கோல்)

விடை: தம்பி, நீங்கள் எழுதியதே நல்ல தொடக்கம். ஆண்கள் இதைப் பற்றி எழுதுவது மிகவும் அரிது. எழுதியதற்காக உங்களை மனமாரப் பாராட்டுகிறேன்.

கிளமிடியா பாலுறவால் தொற்றுவதுதான். அதை மழுப்ப மாட்டேன். ஆனால் உங்களுள் யாரிடமிருந்து யாருக்குச் சென்றது, எப்போது வந்தது என்பதை அந்தச் சோதனை சொல்வதில்லை. மருந்து எடுக்காத கிளமிடியா எந்த அறிகுறியும் காட்டாமல் மாதக்கணக்கில் இருக்கும், ஓர் ஆண்டுக்கு மேலும் இருக்கும். திருமணத்துக்கு முன்பு உங்கள் இருவருள் ஒருவருக்கு இருந்த உறவின் எச்சமாக அது இருந்திருக்கலாம். அதைச் சுமந்தவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். மனைவிக்கு முதலில் கண்டுபிடிக்கப்பட்டதால் அவரிடமிருந்துதான் தொடங்கியது என்று ஆகாது. பெண் மருத்துவரிடம் போகிறாள், சோதிக்கப்படுகிறாள், அதனால் அவள் பெயரில் முடிவு வருகிறது. ஆணைச் சோதிக்காததால் அவன் பெயரில் எதுவும் வருவதில்லை. வீடுகளில் பழி பெண்ணின்மேல் விழுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணமாக இருப்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். அது எனக்கு ஒவ்வொரு முறையும் வலிக்கிறது.

நீங்கள் மருந்து எடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை அறிந்துகொள்ளுங்கள். மனைவி குணமாவார், உங்களிடமிருந்து மீண்டும் தொற்றிக்கொள்வார். ஒவ்வொரு முறையும் தொற்று மேலேறிக் கருக்குழாய்களைத் தாக்கும் வாய்ப்பு கூடுகிறது. குழாய்களில் தழும்பு விழுந்தால் கருத்தரிப்பது கடினமாகலாம், அல்லது கரு கருப்பைக்கு வெளியே குழாயிலேயே தங்கிவிடலாம். பின்னது உயிருக்கே ஆபத்தானது. அடிவயிற்று வலி ஆண்டுக்கணக்கில் நீடிப்பதும் உண்டு. திருமணமாகி ஓராண்டு கடந்ததும் "இன்னும் விசேஷம் இல்லையா" என்று நம் உறவினர்கள் யாரைக் கேட்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். கர்ப்ப காலத்தில் தொற்று இருந்தால், பிரசவத்தின்போது குழந்தையின் கண்களுக்கும் நுரையீரலுக்கும் அது செல்லக்கூடும். ஆணுக்கும் விரையை ஒட்டிய குழாயில் வீக்கமும் வலியும் வரலாம். இவ்வளவையும் தடுப்பதற்கு உங்களிடம் கேட்கப்படுவது ஒரு சிறுநீர் மாதிரியும் ஒரு வார மாத்திரையும்தான்.

மருந்தை எப்படி எடுப்பது என்பதில் சிலர் தவறுவதால் சொல்கிறேன். டாக்சிசைக்ளின் கொடுத்தால் காலை ஒன்று, இரவு ஒன்று என்று ஏழு நாளும் முடிக்க வேண்டும். நிறைய தண்ணீருடன் நிமிர்ந்து உட்கார்ந்து விழுங்குங்கள். விழுங்கியதும் படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். பாலுடனோ, இரும்புச் சத்து மாத்திரையுடனோ, வயிற்றுப் புளிப்புக்கான மருந்துடனோ சேர்த்து எடுத்தால் மருந்து உடம்பில் சேர்வது குறையும், ஆகவே இடைவெளி விடுங்கள். அந்த நாள்களில் வெயில் தோலைச் சுடக்கூடும் என்பதால் திறந்தவெளியில் வேலை செய்பவராக இருந்தால் உடலை மூடிக்கொள்ளுங்கள். உங்கள் மனைவி கருவுற்றிருக்கக்கூடும் என்ற எண்ணம் சற்றே இருந்தாலும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடச் சொல்லுங்கள். கர்ப்பிணிகளுக்கு டாக்சிசைக்ளினைத் தவிர்த்து அசித்ரோமைசின் தருவார்கள்.

வீட்டில் பேச்சே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். "உனக்கு எப்படி வந்தது" என்று தொடங்காமல், "நானும் நாளைக்கு வருகிறேன்" என்று தொடங்கிப் பாருங்கள். கடந்த காலத்தைப் பற்றிப் பேச வேண்டியது இருந்தால் அதை மருந்து முடிந்த பிறகு, இருவரும் அமைதியாக இருக்கும் ஒரு நாளில் பேசிக்கொள்ளலாம்.

கேள்வி: என் மகள் உயர்நிலை ஒன்றில் படிக்கிறாள். பள்ளியில் கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட ஒப்புதல் கேட்டிருக்கிறார்கள். அதைப் போட்டுவிட்டால் கருப்பை வாய் அழற்சியும் வராதா? எனக்கு 41 வயது. சென்ற ஆண்டு பலதுறை மருந்தகத்தில் செய்த எச்பிவி சோதனையில் ஒன்றுமில்லை என்றார்கள். ஆகவே எனக்குக் கவலை இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?
(வாசகி, ஈசூன்)

விடை: ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்பிவிடுங்கள் அம்மா, அதில் தயங்க ஒன்றுமில்லை. சிங்கப்பூர்ப் பள்ளிகளில் உயர்நிலை ஒன்றில், அதாவது சுமார் 13 வயதில், இருக்கும் மாணவிகளுக்கு இந்தத் தடுப்பூசி 2019ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் இலவசமாகப் போடப்பட்டு வருகிறது. பிற்காலத்தில் கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய எச்பிவி வைரசின் முக்கிய வகைகளை அது தடுக்கிறது. வைரசைச் சந்திப்பதற்கு முன்பே போடுவதுதான் மிகுந்த பயன் தரும் என்பதால் அந்த வயதைத் தேர்ந்திருக்கிறார்கள். சிறுபெண்ணுக்கு இப்போதே எதற்கு என்று சில தாய்மார் கேட்பதுண்டு. பெரியம்மைக்கும் தட்டம்மைக்கும் நாம் நோய் வரும்வரை காத்திருந்து ஊசி போடவில்லையே.

ஆனால் அந்த ஊசி கிளமிடியாவையோ கொனோரியாவையோ ட்ரைக்கோமோனாசையோ தடுக்காது. அதேபோல், உங்களுக்குச் செய்த சோதனை புற்றுநோயை உண்டாக்கக்கூடிய எச்பிவி வகைகளை மட்டுமே தேடியது. மற்றக் கிருமிகள் இருக்கின்றனவா என்பதை அது சொல்லவில்லை. கருப்பை வாயிலிருந்து மாதிரி எடுத்தார்கள் என்பதால் அங்குள்ள எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்கள் என்று பெண்கள் எண்ணிவிடுகிறார்கள், நானும் அதை ஒவ்வொருவரிடமும் திருத்த வேண்டியிருக்கிறது. அறிகுறி எதுவும் இல்லாமல், நீண்டகாலமாக ஒருவருக்கொருவர் என்று வாழும் தம்பதியர்க்கு ஆண்டுதோறும் தொற்றுச் சோதனை தேவையில்லை. நிறம் மாறிய வெள்ளைப்படுதலோ இரத்தக்கசிவோ இருந்தால் மட்டும், "சென்ற ஆண்டுதான் சோதித்தேன்" என்று இருந்துவிடாதீர்கள்.

எச்பிவி சோதனையை 30 வயது முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறையும், 25 முதல் 29 வயது வரை, கருப்பை வாயின் செல்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் பாப் ஸ்மியர் சோதனையை மூன்றாண்டுக்கு ஒருமுறையும் செய்துகொள்ளுமாறு இங்கு பரிந்துரைக்கப்படுகிறது. அரசின் ஹெல்தியர் எஸ்ஜி சுகாதாரத் திட்டத்தில் பதிந்துகொண்ட குடிமக்கள் தாங்கள் பதிந்த மருந்தகத்தில் இதைக் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம். பாப் ஸ்மியர் முடிவில் "அழற்சி மாற்றங்கள்" என்று எழுதியிருப்பதைக் கண்டு பதறும் இளம்பெண்களுக்கு ஒரு சொல்: நுண்ணோக்கியில் சில செல்கள் அப்படித் தெரிந்தன என்பதே அதன் பொருள், தொந்தரவு எதுவும் இல்லாவிட்டால் பெரும்பாலும் அதற்கென்று மருந்து தேவைப்படுவதில்லை.

கேள்வி: என் தங்கை தஞ்சாவூர்ப் பக்கம் இருக்கிறாள், வயது 32. வெள்ளைப்படுதலுக்குக் காட்டப் போன இடத்தில் கருப்பை வாயில் புண் இருக்கிறது, விட்டால் புற்றுநோயாகிவிடும், கருப்பையையே எடுத்துவிடலாம் என்று சொன்னார்களாம். பணம் அனுப்பச் சொல்கிறாள். அனுப்பலாமா?
(வாசகி, புக்கிட் பாத்தோக்)

விடை: அறுவை சிகிச்சைக்கு இப்போது அனுப்ப வேண்டாம். இன்னொரு மருத்துவரிடம், முடிந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுவதற்கான செலவுக்கு உடனே அனுப்புங்கள்.

'புண்' என்று சொல்லப்படுவது பல நேரங்களில் புண்ணே அன்று. கருப்பை வாயின் உட்பாதையில் இருக்க வேண்டிய மென்மையான செல்கள் வெளிப்புறத்துக்கும் படர்ந்திருந்தால் அந்த இடம் செக்கச்செவேலென்று தோன்றும். இளம்பெண்களிடமும், கர்ப்பிணிகளிடமும், கருத்தடை மாத்திரை உண்பவர்களிடமும் இது இயல்பாகவே காணப்படும். அது நோயும் அன்று, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. சளி சற்று அதிகமாகச் சுரக்கலாம், எப்போதாவது இரத்தம் படலாம். உண்மையிலேயே அழற்சியாக இருந்தாலும் அதற்குத் தேவை கிருமிச் சோதனையும் மருந்தும்தான். புற்றுநோய் பற்றிய அச்சம் இருந்தால் பாப் ஸ்மியரோ எச்பிவி சோதனையோ செய்து பார்க்கட்டும். அதில் ஐயம் எழுந்தால் கருவியால் பெரிதாக்கிப் பார்த்து ஒரு சிறு துணுக்கை எடுத்துச் சோதிப்பார்கள். இவை எதுவும் செய்யாமல் 32 வயதுப் பெண்ணின் கருப்பையை வெள்ளைப்படுதலுக்காக எடுப்பதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியாது. "பிள்ளை பெற்றாயிற்றே, இனி எதற்கு அது" என்ற பேச்சு நம் ஊர்ப் பக்கத்தில் இன்னும் கேட்கிறது. பிள்ளை பெற்று முடித்த பெண்ணுக்கும் அவள் உடம்பு அவளுடையதுதான். தங்கையிடம் தொலைபேசியில் மூன்றே கேள்விகளைச் சொல்லிக் கொடுங்கள்: என்ன சோதனை செய்தீர்கள், முடிவைத் தாளில் தர முடியுமா, மருந்தால் ஏன் முடியாது?

கேள்வி: எனக்கு 26 வயது. தை மாதத்தில் திருமணம். நாங்கள் இருவரும் முன்கூட்டியே சோதித்துக்கொள்ள நினைக்கிறோம். பெற்றோருக்குச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. எங்கே, என்ன சோதனை கேட்பது? எனக்கு ரப்பர் கையுறை போட்டாலே தோல் அரிக்கும்.
(வாசகி, செங்காங்)

விடை: ஜாதகம் பார்ப்பதற்குச் செலவிடும் நேரத்தில் ஒரு சிறு பங்கை இதற்குத் தர முன்வந்த உங்கள் இருவரையும் எண்ணி மகிழ்கிறேன். வயதுவந்த நீங்கள் பெற்றோரிடம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. உங்கள் மருத்துவக் குறிப்புகளை மருத்துவர் அவர்களிடம் பகிர்ந்துகொள்ளவும் மாட்டார்.

எந்தத் தனியார் மருந்தகத்திலும் கேட்கலாம். தேசியத் தோல் நிலையத்தின் கீழ் இயங்கும் டிஎஸ்சி மருந்தகம் இந்தத் தொற்றுகளுக்கென்றே இருக்கிறது. அங்குள்ளவர்கள் அன்றாடம் இதைப் பார்ப்பவர்கள், உங்களைப் பார்த்து முகம் சுளிக்க மாட்டார்கள். "திருமணத்துக்கு முந்திய பரிசோதனை" என்று தொகுப்பாக விற்கப்படுவதில் இரத்த வகை, தலசீமியா, எச்ஐவி, சிஃபிலிஸ் போன்றவை இருக்கும். கிளமிடியாவும் கொனோரியாவும் அதில் உண்டா என்று தனியாகக் கேளுங்கள், ஏனெனில் அவை இரத்தச் சோதனையில் தெரிவதில்லை. உங்கள் வருங்காலக் கணவருக்குச் சிறுநீர் மாதிரி போதும். கொடுப்பதற்கு முன் ஒரு மணி நேரமாவது சிறுநீர் கழிக்காமல் இருந்து, முதலில் வரும் சிறுநீரைப் பிடித்துத் தர வேண்டும். உங்களுக்குப் பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுப்பார்கள். கூச்சமாக இருந்தால் நீங்களே எடுத்துத் தரலாமா என்று கேளுங்கள். அப்படி எடுத்ததும் நம்பகமானதே. தொற்றுக்கு வாய்ப்பிருந்த நாளிலிருந்து இரண்டு வாரம் கழித்துச் செய்தால் முடிவை நம்பலாம். இருவருக்கும் முடிவு வரும் வரை ஆணுறை பாதுகாப்புத் தரும், ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலிருந்தே அணிந்தால். உங்கள் தோல் அரிப்பைப் பார்த்தால் சாதாரண ரப்பர் ஒத்துக்கொள்ளாது என்று தோன்றுகிறது. பாலியூரித்தேன் அல்லது பாலிஐசோப்ரீன் என்று எழுதியிருப்பதைத் தேர்ந்தெடுங்கள், அரிப்பைப் பற்றி மருத்துவரிடமும் சொல்லுங்கள். விந்தணுக்கொல்லி தடவியதை வாங்க வேண்டாம், அதுவே அழற்சியைத் தரக்கூடும்.

கேள்வி: எனக்கு வயது 63. கருப்பை இறங்கியதால் வளையம் பொருத்தியிருக்கிறார்கள். சில மாதமாக மஞ்சளாக நீர் வருகிறது, போன வாரம் துணியில் சிறிது இரத்தக்கறையும் பார்த்தேன். இந்த வயதில் இதற்காக மருத்துவரிடம் போவது கூச்சமாக இருக்கிறது. அடுத்த சோதனைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.
(வாசகி, அங் மோ கியோ)

விடை: அம்மா, இரண்டு மாதம் காத்திருக்க வேண்டாம். வளையம் உள்ளே உரசுவதால் கருப்பை வாயிலும் யோனிச் சுவரிலும் அழற்சி வரலாம். மாதவிடாய் நின்ற பின் அவ்விடத்தின் தோல் மெலிந்து உலர்ந்துபோவதால் எளிதில் புண்ணாகவும் செய்யும். வளையத்தை எடுத்துச் சுத்தம் செய்து சில காலம் ஓய்வு கொடுப்பதும், ஈஸ்ட்ரோஜன் களிம்பு தடவுவதும், வேறு அளவு வளையத்துக்கு மாற்றுவதும் பெரும்பாலும் பலன் தரும். ஆனால் மாதவிடாய் நின்ற ஒரு பெண்ணுக்கு ஒரு துளி இரத்தம் பட்டாலும் அதை வளையத்தின்மேல் போட்டுவிட்டு இருக்கக் கூடாது. கருப்பையின் உட்புறத்தையும் பார்த்தாக வேண்டும். வளையம் பொருத்திய இடத்துக்கு நாளையே தொலைபேசியில் அழைத்து, "மாதவிடாய் நின்றவள், இரத்தம் பட்டிருக்கிறது" என்று இதே சொற்களில் சொல்லுங்கள். அப்படிச் சொன்னால் தேதியை முன்னே தள்ளித் தருவார்கள். பெண் மருத்துவர் வேண்டும் என்றும் கேட்கலாம். மகளோ மருமகளோ உடன் வந்தால் நல்லது, வராவிட்டால் தாதியிடம் கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், அவர்கள் பிடித்துக்கொள்வார்கள்.